பழைய சிடி பிளேயரை என்ன செய்வது? மூன்று பேர் கேள்வி, ஐந்து வழி

பொங்கலிலிருந்து இன்றுவரை மூன்று பேர் என்னிடம் சிடி பிளேயரை மாற்றலாமா என்று கேட்டுவிட்டார்கள். முதலில் குடியாத்தத்துத் தம்பி ஒருவன். "அண்ணா, எங்க நைனா சேர்த்து வச்ச சிடி இருநூறு இருக்குது. பிளேயர் பாதியில நின்னு நின்னு பாடுது. தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடட்டுமா?" என்றான். அடுத்தவர் சத்துவாச்சாரியில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவருடைய பிளேயரில் ஒரு கோளாறும் இல்லை, ஆனால் இன்னும் நல்ல ஒலி கிடைக்குமா என்ற ஆசை அவரை விடவில்லை, நாற்பதாயிரம் ரூபாய் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். மூன்றாவது ஆற்காட்டில் ஒரு அக்கா, கணவர் விட்டுப்போன நாதஸ்வரக் கச்சேரி சிடிகளும் பிளேயரும் வீட்டில் தூசி படிந்து கிடக்கின்றன, கொடுத்துவிடவும் மனம் வரவில்லை, வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

மூவரும் கேட்டது ஒரே வாக்கியம்தான். ஆனால் முதல்வருக்கு மெஷின் பிரச்சினை, இரண்டாமவருக்கு ஒலி பிரச்சினை, மூன்றாமவருக்கு சிடிகளைக் காப்பாற்றும் பிரச்சினை. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு கடைக்குப் போவதால்தான் பணம் வீணாகிறது. நானும் இருபத்தைந்து வருடமாக காட்பாடி வீட்டில் சிடி கேட்டு வருகிறேன், இரண்டு பிளேயர் ஓட்டி முடித்தாயிற்று, மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலாவது, கெட்டது எது? சிடி பிளேயருக்குள் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, லேசர் ஒளியால் தட்டிலுள்ள குழிகளைப் படித்து எண்களாக எடுப்பது. இன்னொன்று, அந்த எண்களை ஒலி அலையாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது. இந்த இரண்டாவது வேலையைச் செய்யும் சிப்பைத்தான் டாக் என்கிறார்கள். பாட்டு தாவுகிறது, "நோ டிஸ்க்" காட்டுகிறது, டிரே திறக்கவில்லை என்றால் எல்லாமே முதல் வேலையின் கோளாறு. அதற்கு ஒலித்தரத்தோடு சம்பந்தமே இல்லை. பலரும் நினைப்பதுபோல விலை குறைந்த பிளேயர் சிடியிலிருந்து "குறைவாக" எடுப்பதில்லை. சிடி அமைப்பிலேயே பிழை திருத்தும் கணக்கு இருக்கிறது, சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தொடர்ச்சியாகத் தகவல் போனால்கூட அதை முழுமையாக மீட்டுவிடும். அதையும் தாண்டினால்தான் பிளேயர் ஊகித்து நிரப்பும், அப்புறம் கொஞ்சம் மௌனம், அப்புறம் தாவல். நல்ல தட்டைப் போட்டால், தாவாமல் ஓடுகிற பிளேயர் எடுக்கும் எண்களும் லட்ச ரூபாய் பிளேயர் எடுக்கும் எண்களும் ஒன்றேதான்.

இரண்டாவது, அலமாரியில் இருப்பவை எப்படிப்பட்ட சிடிகள்? இதை யாரும் பார்ப்பதே இல்லை. நம் வீடுகளில் கம்பெனி சிடி ஒரு பங்கு என்றால், கடையில் கொடுத்து எழுதி வாங்கிய சிடி ஒரு பங்கு, பஸ் ஸ்டாண்டில் வாங்கிய நூற்றைம்பது பாட்டு எம்பி3 சிடி ஒரு பங்கு. எம்பி3 சிடிக்கு எவ்வளவு நல்ல பிளேயர் வாங்கினாலும் ஏற்கெனவே வெட்டி எறிந்த ஒலி திரும்பி வராது. கம்பெனி சிடி நொடிக்கு 1,411 கிலோபிட் கொண்டது, எம்பி3 பெரும்பாலும் 128. மூன்றில் இரண்டு பங்கு எம்பி3 வைத்துக்கொண்டு பிளேயருக்கு முப்பதாயிரம் செலவழிப்பதை நான் ஒருநாளும் சரி என்று சொல்ல மாட்டேன். கம்பெனி சிடியிலும் ஒன்று கவனியுங்கள். 1990களின் பிற்பகுதியிலிருந்து வந்த பலவற்றில் ஒலியை நெருக்கி, மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து பதித்திருப்பார்கள். அது தட்டிலேயே இருக்கும் குறை.

மூன்றாவது, அறை. மொசைக் தரை, சுண்ணாம்பு அடித்த சுவர், பத்துக்குப் பன்னிரண்டு அறை, மூலையில் ஒட்டிவைத்த ஸ்பீக்கர். இதில் கைதட்டிப் பாருங்கள், எதிரொலி கேட்கும். அந்த அறைதான் நீங்கள் கேட்பதில் பாதியைத் தீர்மானிக்கிறது. இதோடு நம் ஊர் மே மாதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நாற்பது டிகிரிக்கு மேல் போகும்போது விசிறியை நிறுத்திவிட்டா பாட்டுக் கேட்கப் போகிறோம்? விசிறிச் சத்தம் நாற்பது டெசிபலுக்கு மேல் இருக்கும். நீங்கள் உச்சமாக 90 டெசிபலில் கேட்டாலும் விசிறிக்கு மேலே மிஞ்சுவது ஐம்பது டெசிபல்கூட இல்லை. சிடியோ மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே சுமார் 96 டெசிபல் இடைவெளி கொடுக்கக்கூடியது. அதாவது சாதாரண பிளேயரின் சொந்த இரைச்சல்கூட விசிறிக்கு அடியில் எங்கோ புதைந்து கிடக்கிறது. "பின்னணி இரைச்சல் குறைந்த பிளேயர்" என்று கடைக்காரர் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, கரண்ட். வோல்டேஜ் ஏறி இறங்குவது, கரண்ட் போய் வருவது, இன்வெர்ட்டர். ஸ்கொயர் வேவ் வகை இன்வெர்ட்டரில் ஓடும்போது டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், அந்த உம்மென்ற சத்தம் ஸ்பீக்கரிலும் வரலாம். அதைப் பிளேயர் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றியவர்களை எனக்குத் தெரியும். ஒருநாள் மெயின் கரண்டில் கேட்டுப் பாருங்கள், முதலில்.

ஐந்தாவது, கெட்டுப்போனால் யாரிடம் போவீர்கள். சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவருக்கு இது சாதாரண விஷயம். நமக்கு ரயில் டிக்கெட், ஒரு நாள் லீவு, பெட்டியில் பஞ்சு வைத்துக் கட்டுவது எல்லாம் சேர்ந்த செலவு. என் இரண்டாவது பிளேயரை வாரண்டியில் சென்னைக்கு அனுப்பச் சொன்னார்கள், ஏழு வாரம் கழித்து அதே கோளாறோடு திரும்பி வந்தது, கூடவே மூடியில் ஒரு நசுங்கல். அன்றிலிருந்து எந்த மெஷின் வாங்கினாலும் "இதை உள்ளூர் மெக்கானிக் திறந்து பார்க்க முடியுமா" என்பதுதான் என் முதல் கேள்வி.

வழிகளை விரிவாகப் பார்க்கும் முன் ஒரு மேலோட்டம். விலைகள் நான் விசாரித்து வைத்திருப்பவை, முன்னே பின்னே இருக்கும்.

| வழி | சுமார் செலவு | கணக்கில் வராத செலவு | யாருக்கு |
|---|---|---|---|
| இருப்பதைச் சரிசெய்வது | 500 – 2,000 | நல்ல மெக்கானிக்கைத் தேடும் அலைச்சல் | தாவுகிறது, எடுக்கவில்லை என்பவர்களுக்கு |
| வெளியே டாக் சேர்ப்பது | 8,000 – 15,000 | கேபிள், இன்னொரு அடாப்டர் | பிளேயர் படிக்கிறது, ஒலிப் பகுதி கெட்டது என்றால் |
| புது பிளேயர் | 30,000க்கு மேல் | சர்வீஸுக்கு வெளியூர் | தினமும் சிடி போடுகிறவர்களுக்கு |
| பழைய உயர்தரப் பிளேயர் | 8,000 – 25,000 | கன்வர்ட்டர், கிடைக்காத லென்ஸ் | கையில் வேலை தெரிந்தவர்களுக்கு |
| கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது | 6,000 – 10,000 | இரண்டு மூன்று மாத மாலை நேரம் | சிடிகளைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு |

இருப்பதையே சரிசெய்வது

பத்தில் ஏழு பேருக்கு இதுதான் விடை என்று நினைக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிரே திறக்க முனகுகிறது, கையால் இழுத்தால் வருகிறது என்றால் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் பெல்ட் தளர்ந்துவிட்டது. ஐம்பது நூறு ரூபாய் சாமான். எல்லா சிடியும் தாவுகிறது என்றால் முதல் சந்தேகம் தூசி. பாலாற்று மணல் காற்றோடு பறக்கிற ஊரில், கிரானைட் லாரி ஓடும் ரோட்டோரத்தில் வீடு இருந்தால் லென்ஸ் மேல் மெல்லிய படலம் படிவதற்கு ஒரு வருடம் போதும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த காட்டன் பட் கொண்டு, லென்ஸை அழுத்தாமல், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு சுற்று. அவ்வளவுதான். லென்ஸ் மிக மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் மொத்தமும் போச்சு. பிரஷ் ஒட்டிய "கிளீனிங் சிடி" எனக்குப் பிடிப்பதில்லை, சுற்றும் வேகத்தில் பிரஷ் லென்ஸில் இடிக்கிறது. மூடியைத் திறந்து கரண்டைப் போட்டுவிட்டு லென்ஸுக்குள் உற்றுப் பார்க்காதீர்கள், 780 நானோமீட்டர் லேசர், கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

முதல் பாட்டுகள் நன்றாக ஓடி கடைசிப் பாட்டுகள் மட்டும் தாவுகின்றன என்றால் வேறு கதை. சிடி கிராமபோன் தட்டுக்கு நேர்மாறாக உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது, கடைசிப் பாட்டு ஓரத்தில் இருக்கிறது. லென்ஸ் வண்டி ஓடும் தண்டவாளத்தில் போட்ட கிரீஸ் இருபது வருடத்தில் கட்டியாகி, வண்டி ஓரத்துக்குப் போக மறுக்கிறது. பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு கொஞ்சம் வெள்ளை லித்தியம் கிரீஸ் வைத்தால் சரியாகிவிடும். தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம், தூசியை இழுத்து இன்னும் மோசமாக்கும்.

கம்பெனி சிடியை எடுக்கிறது, எழுதிய சிடியை மட்டும் எடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் லேசர் வயதாகி வலு குறைந்துவிட்டது. இதற்கு பிக்கப்பையே, அதாவது லேசரும் லென்ஸும் சேர்ந்த பாகத்தையே, மாற்ற வேண்டும் (நம் மெக்கானிக்குகள் மொத்த பிக்கப்பையும் "லென்ஸ்" என்றுதான் சொல்வார்கள், "லென்ஸ் போயிடுச்சு சார்" என்றால் அதுதான்). இங்கேதான் பிளேயரின் உள்ளே என்ன மாடல் பிக்கப் இருக்கிறது என்பது முக்கியம். கேஎஸ்எஸ்-213 போன்ற சோனி வகைகளும் சான்யோ எஸ்எஃப்-பி101என் போன்றவையும் ஏராளமான கம்பெனிகளின் பிளேயர்களில் இருந்தவை, இன்னும் கிடைக்கின்றன. நான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 450 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் ஒரு விஷயத்தை மெக்கானிக்குகள்கூட மறந்துவிடுகிறார்கள். புது பிக்கப்பில் நிலைமின்சாரத்திலிருந்து லேசரைக் காக்க ஒரு துளி ஈயம் வைத்து இரண்டு முனைகளை இணைத்து அனுப்பியிருப்பார்கள், மாட்டிய பிறகு அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் புது பிக்கப்பும் வேலை செய்யாது, "சார், போர்டே போயிடுச்சு" என்ற பதில் வரும், நல்ல பிளேயர் பழைய இரும்புக் கடைக்குப் போகும். குடியாத்தத்துத் தம்பிக்கு ஒரு மெக்கானிக் சொன்ன பதில் இதுவேதான். பிளேயரை நான் வாங்கிப் பார்த்தேன், ஈயத் துளி அப்படியே இருந்தது.

இன்னொன்று, நம் வீடுகளில் மட்டும் நடக்கிற விஷயம்: எறும்பும் பல்லியும். வெதுவெதுப்பாக இருப்பதால் பின்பக்கக் காற்றோட்டத் துளை வழியாக உள்ளே போய்விடுகின்றன. பவர் சப்ளை போர்டில் பல்லி செத்துக் கிடந்து ஃபியூஸ் போன பிளேயரை நானே திறந்திருக்கிறேன். அந்தத் துளைகளை அடைக்காதீர்கள், உள்பக்கம் கொசுவலைத் துண்டு ஒட்டினால் போதும்.

இந்த வழி எப்போது சரிவராது? பிக்கப் மாடல் சந்தையிலேயே இல்லை, டிஸ்ப்ளே மங்கிவிட்டது, கண்டன்சர்கள் வீங்கி ஒரு பக்கம் ஒலி குறைகிறது, அதோடு மோட்டாரும் தேய்ந்துவிட்டது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் விட்டுவிடலாம். ஒரே வருடத்தில் மூன்றாவது ரிப்பேர் என்றால் நான் நிறுத்திவிடுவேன்.

வெளியே ஒரு டாக் சேர்ப்பது

பிளேயரின் பின்பக்கம் திரும்பிப் பாருங்கள். சிவப்பு வெள்ளை ஜாக் தவிர "கோஆக்சியல்" என்றோ "ஆப்டிகல்" என்றோ எழுதிய ஒரு ஜாக் இருந்தால், பிளேயரை வெறுமனே படிக்கிற மெஷினாக மட்டும் வைத்துக்கொண்டு, எண்களை ஒலியாக்கும் வேலையை வெளியே தனிப்பெட்டிக்குக் கொடுக்கலாம். ஜாக் இல்லையென்றால் இந்த வழியே இல்லை, வாங்கிவந்த பிறகு இதைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

நன்மை என்னவென்றால் அதே டாக்கில் டிவியையும் கம்ப்யூட்டரையும் மாட்டலாம், நாளைக்கு பிளேயர் போனாலும் டாக் நிற்கும். படிக்கிற மெஷினாக, பரணில் கிடக்கும் பழைய டிவிடி பிளேயர்கூட போதும், பெரும்பாலானவற்றில் கோஆக்சியல் ஜாக் இருந்தது.

ஆனால் ஒலி எவ்வளவு மாறும்? சத்துவாச்சாரி சாருக்கு இதுதான் கேள்வி, அவருக்காக ஒரு சோதனையே செய்தோம். அதைச் சொல்வதற்கு முன் ஒன்று. சிடி பிளேயர்கள் பொதுவாக 2 வோல்ட் ஒலி வெளியீடு கொடுக்கும். சில டாக்குகளும் பிளேயர்களும் 2.3 வோல்ட் கொடுக்கும். வித்தியாசம் சுமார் 1.2 டெசிபல். காதுக்கு அது "சத்தம் அதிகம்" என்று தெரியாது, "தெளிவாக இருக்கிறது, உயிரோட்டமாக இருக்கிறது" என்றுதான் தெரியும். கடையில் புது மெஷின் நன்றாகக் கேட்பதற்குப் பாதிக் காரணம் இதுவே.

அதனால் 200 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஒரு சிடியில் எழுதி, ஸ்பீக்கர் முனைகளில் முந்நூறு ரூபாய் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து (இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது, ஆம்ப் போய்விடும்), பழைய பிளேயருக்கு ஒரு அளவு, டாக்குக்கு ஒரு அளவு எடுத்து, இரண்டும் ஒன்றாகும்படி வால்யூம் நிலைகளைக் குறித்துக்கொண்டோம். அவர் கண்ணை மூடி உட்கார்ந்தார், அவர் மகள் காசு சுண்டிப் பார்த்து ஏதோ ஒன்றைப் போட்டார், எது என்று சார் சொல்ல வேண்டும். பதினாறு தடவை. ஒன்பது சரி, ஏழு தப்பு. காசு சுண்டினால் வரும் அளவுதான். அளவு சமப்படுத்தாமல் காலையில் கேட்டபோது அதே சார் டாக்கை "இரண்டு நிமிஷத்தில் அடையாளம் கண்டுபிடித்துவிடலாம்" என்று சொல்லியிருந்தார், அவர் பொய் சொல்லவில்லை, அவர் கேட்டது அந்த 1.2 டெசிபலை.

ஆகவே டாக் வாங்க நல்ல காரணங்கள்: பிளேயரின் ஒலிப் பகுதி கெட்டுவிட்டது, உம்மென்ற இரைச்சல் உள்ளேயிருந்தே வருகிறது, கம்ப்யூட்டரிலிருந்தும் கேட்கப் போகிறீர்கள். நன்றாக ஓடும் பிளேயருக்கு "இன்னும் நல்ல ஒலி" என்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம்.

புது பிளேயர்

இன்றைக்கும் புது சிடி பிளேயர்கள் வருகின்றன. யமஹா, டெனான், மராண்ட்ஸ் மூன்றும் தயாரிக்கின்றன, பெரும்பாலானவற்றில் யுஎஸ்பி ஜாக்கும் உண்டு, பென் டிரைவில் இருக்கும் பாட்டையும் கேட்கலாம். இரைச்சல் இல்லாத பவர் சப்ளை, புது லேசர், ரிமோட், வாரண்டி. வேலை தெரியாதவர்களுக்கு நிம்மதி.

விலை முப்பதாயிரத்தில் தொடங்கி மேலே போகிறது. மறைந்திருக்கும் செலவு சர்வீஸ்தான், என் ஏழு வார அனுபவம் மேலே சொன்னேன். அதனால் வாங்கும் முன் கடைக்காரரிடம் கேளுங்கள்: வாரண்டி வேலை எந்த ஊரில், போக வர கூரியர் யார் செலவு. எழுதி வாங்குங்கள். கூடவே வீட்டில் பிளேயர் எடுக்க மறுக்கும் மூன்று சிடிகளைக் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள், ஒரு கீறல் விழுந்தது, ஒரு எழுதிய சிடி, ஒரு எம்பி3. பளபளப்பான டெமோ சிடியை எல்லா பிளேயரும் எடுக்கும்.

தினமும் இரண்டு மணி நேரம் சிடி போடுகிறவர், இருக்கும் பிளேயருக்கு பிக்கப் கிடைக்கவில்லை, கம்ப்யூட்டர் பக்கம் போக விருப்பமும் இல்லை என்றால் தயங்காமல் வாங்கலாம். கூடவே ஒரு ஸ்டெபிலைசர்.

பழைய உயர்தரப் பிளேயர்

1980களின் கடைசியில் வந்த, பிலிப்ஸ் டிடிஏ1541 என்ற டாக் சிப் உள்ள பிளேயர்கள்மேல் ஒரு மோகம் இருக்கிறது. கனமான இரும்பு உடம்பு, பித்தளை ஸ்க்ரூ, திறந்து மூடும்போதே ஒரு கம்பீரம். எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த பிலிப்ஸ் பிளேயர்கள் பலவற்றில் ஊஞ்சல்போல் அசையும் கை வகை பிக்கப் இருந்தது, அதைத் தயாரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அது போனால் வீட்டு அலங்காரப் பொருள்தான்.

இன்னொரு ஆபத்து, ஜப்பானிலிருந்து வரும் பிளேயர். அங்கே வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், நம்முடையது 230. பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் நேரே சொருகிய திருப்பத்தூர் நண்பர் ஒருவருக்கு ஐந்தே விநாடியில் டிரான்ஸ்ஃபார்மர் கருகியது, பதினெட்டாயிரம் ரூபாய் பிளேயர். கன்வர்ட்டர் வாங்கினால் பிளேயர் இழுக்கும் வாட்ஸைவிட இரண்டு மடங்காவது தாங்குவதாக வாங்குங்கள், அதைப் பிளேயருக்கு ஒட்டி வைக்காமல் தள்ளி வைத்தால் உறுமல் குறையும்.

சால்டரிங் தெரிந்தவர், மெஷினையே ரசிக்கிறவர் எடுத்துக்கொள்ளட்டும். நேரில் போய், ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சூடான பிறகும் தாவாமல் ஓடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது

ஆற்காட்டு அக்காவுக்கு முதல் நாளே சொன்னது இதைத்தான், ஏனென்றால் அவரிடம் இருந்தவற்றில் பல, மறுபடி எந்தக் கடையிலும் கிடைக்காத சிடிகள். கோயில் திருவிழாவில் பதிவுசெய்து எழுதி வாங்கியவை. எழுதிய சிடியில் தகவல் ஒரு சாயப் படலத்தில் இருக்கிறது, வெயிலும் சூடும் அதை வெளுக்க வைக்கும். ஜன்னலோர அலமாரியில் பதினைந்து கோடை தாண்டிய சிடி என்றால் இன்று படிக்கும், அடுத்த வருடம் படிக்கும் என்று சொல்ல முடியாது. இதில் எந்தப் பிளேயர் வாங்கலாம் என்பது இரண்டாவது விஷயம், முதலில் ஏற்ற வேண்டும்.

இப்போது வரும் லேப்டாப்பில் சிடி டிரைவ் இருக்காது, யுஎஸ்பி டிரைவ் ஒன்று இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருள் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிட்டு எடுக்கும். எம்பி3 ஆக்காமல் ஃபிளாக் கோப்பாக வையுங்கள், ஒலி ஒரு பிட்கூடக் குறையாமல் ஒரு சிடி சுமார் 300 எம்பியில் அடங்கும். இருநூறு சிடி என்றால் அறுபது ஜிபி. இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

இதன் உண்மையான விலை நேரம். ஒரு சிடிக்குப் பத்து நிமிஷம், கீறல் விழுந்தது என்றால் ஒரு மணி நேரம். ஆங்கில ஆல்பம் போட்டால் பாட்டுப் பெயர்கள் தானாக வந்துவிடும், தமிழ் சிடிகளுக்குப் பல நேரம் வராது, வந்தாலும் எழுத்துப் பிழையோடு வரும். உட்கார்ந்து தட்ட வேண்டும். ராகம், வித்வான், தவில் யார், எந்த ஊர்க் கச்சேரி என்பதெல்லாம் உறையில் பேனாவால் எழுதியிருக்கும், அதை அந்த உறையை வைத்திருக்கும்போதே தட்டிவிடுங்கள்.

"அப்ப பிளேயர் எதுக்குப்பா, போன்லயே எல்லாப் பாட்டும் வருதே" என்று அக்கா கேட்டார். ஆப்பிள் மியூசிக்கில் 2021இலிருந்து சிடி தரத்தில் கேட்க முடியும், அதனால் சினிமாப் பாட்டுக்கு அந்தக் கேள்வி சரிதான். ஆனால் ஒரு கோயில் மண்டபத்துக் கச்சேரி அதில் வராது. உரிமம் முடிந்தால் இருந்த பாட்டும் ஒருநாள் காணாமல் போகும்.

சரி, மூவரும் என்ன செய்தார்கள்

குடியாத்தத்துத் தம்பியின் பிளேயரில் ஈயத் துளியை எடுத்தேன், தண்டவாளத்தில் கிரீஸ் வைத்தேன். மொத்தச் செலவு, ஏற்கெனவே அவன் மெக்கானிக்கிடம் கொடுத்ததையும் சேர்த்து, 1,100 ரூபாய். ஓடுகிறது.

சத்துவாச்சாரி சார் டாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து இரண்டடி முன்னே இழுத்து, காது மட்டத்துக்கு ஸ்டாண்ட் செய்து (தச்சருக்கு 2,400 ரூபாய்), எதிர்ச் சுவரில் கனமான திரைச்சீலை போட்டோம், தரையில் ஜமக்காளம். முதலில் வந்தவாசிக் கோரைப்பாய்தான் விரித்துப் பார்த்தோம், அழகாக இருந்தது, ஆனால் மெல்லியது, எதிரொலியை அவ்வளவாகக் குறைக்கவில்லை. ஜமக்காளம் வந்த பிறகு மிருதங்கத்தின் இடந்தலையும் வலந்தலையும் தனித்தனியாகப் பிரிந்து கேட்டது. இதற்கு மல்டிமீட்டரும் கண்மூடிச் சோதனையும் தேவைப்படவில்லை, அடுக்களையிலிருந்த அவர் மனைவியே வெளியே வந்து "என்ன மாத்தினீங்க?" என்று கேட்டார். மீதிப் பணத்தில் ஸ்பீக்கரை மாற்றலாமா என்று இப்போது யோசிக்கிறார், அது நியாயமான யோசனை, ஏனென்றால் சிடி பிளேயரின் திரிபு (மூல ஒலியை மாற்றிவிடும் அளவு) ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்குகூட வராது, ஸ்பீக்கருடையது சத்தம் ஏறும்போது முழு சதவீதக் கணக்கில் போகும்.

அக்கா வீட்டில் வேலை இன்னும் முடியவில்லை. நூற்று நாற்பது சிடியில் தொண்ணூற்று ஆறு ஏறியிருக்கிறது, நான்கு சிடிகளை எந்த டிரைவும் எடுக்கவில்லை. அவற்றில் இரண்டை, பிக்கப் மாற்றிய என் பழைய பிளேயர் எடுத்தது. அதன் ஆப்டிகல் ஜாக்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு நேரடியாகப் பதிவுசெய்துகொண்டிருக்கிறேன், அது ஓடும் வேகத்திலேயே, எழுபது நிமிஷக் கச்சேரிக்கு எழுபது நிமிஷம். மீதி இரண்டும் உறையோடு தனியாக இருக்கின்றன, வேறு இரண்டு பிளேயர்களில் போட்டுப் பார்க்க வேண்டும்.